மறைத்து எறிந்த பகடை

"செத்துப்போனவனைப் பொய் சொல்லிப் பிழைக்க வைத்தால் அது பாவமா, ஃபாதர்?"

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து, மறைக்கல்வி வகுப்புகளும் கலைந்த பின்னர், நம் இல்லத்து வாயிற்படியில் நின்றுகொண்டு ஓர் இளம்பெண் கேட்ட கேள்வி இது. நம் பங்கின் இளையோர் குழுவைச் சேர்ந்தவள். செவிலியர் பயிற்சியில் இருப்பவள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து எத்தனையோ கேள்விகளுக்குச் செவி கொடுத்திருக்கிறோம். இப்படியொன்று வந்ததில்லை. மருத்துவமனையில் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்றே முதலில் அஞ்சினோம். "செத்தவன் யார் அம்மா?" என்றோம். "சுக்கான் பிடிக்கிறவன், ஃபாதர். புயல்ல பாய்மரம் முறிஞ்சு அவன் மேல விழுந்துச்சு" என்றாள். அம்பத்தூரில் ஏரி உண்டு; பாய்மரம் இல்லை. ஆகவே உட்காரச் சொன்னோம்.

சனிக்கிழமை மாலைகளில் மறைக்கல்வி அறையில் ஆறேழு பேர் கூடி ஒரு விளையாட்டு ஆடுவதை நாம் அறிவோம். மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்றவர் ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரத்தை ஏற்பர். தன் பாத்திரம் என்ன செய்ய முனைகிறது என்பதை ஏற்றவர் சொல்ல வேண்டும். அம்முயற்சி பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். பலித்ததனாலும் பலிக்காததனாலும் என்ன விளைந்தது என்பதைக் கதைசொல்லி சொல்ல வேண்டும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவரின் பெயரால் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. 1980களில் அந்நாட்டுக் கிறிஸ்தவக் குழுக்கள் சில இதனைப் பேய் வழிபாடு என்று கண்டித்தன. அக்கண்டனத்தின் எதிரொலி போலும், நம் பங்கிலும் இரண்டு தாய்மார் வந்து நம்மிடம் கவலை தெரிவித்ததுண்டு. நாமே ஒரு மாலை போய் அமர்ந்து பார்த்தோம். பேயைக் காணவில்லை. பழவேற்காட்டிலிருந்து ஒரு மரக்கலம் புறப்படுகிறது, அதில் எழுவர், வழியில் பஞ்சம், சுறா, கடற்கொள்ளையர், ஒருவர்மேல் ஒருவர்க்கு ஐயம். விதிகளையும் அவர்களே இயற்றியிருந்தார்கள். விலைகொடுத்து நூல் வாங்க வசதி இல்லாததும் ஒரு காரணம்.

விதி இது: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இருபது உயிர்ப்புள்ளி. அடிபடும்போதெல்லாம் பகடை காட்டும் அளவு குறையும். சுழியம் ஆனால் சாவு. செத்தவர் மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும். கதைசொல்லி மட்டும் ஒரு பழைய நாட்காட்டி அட்டையை நிறுத்தி, அதன் பின்னால் தன் பகடையை உருட்டுவாள். அடுத்து வரப்போவது மற்றவர்க்குத் தெரியலாகாது அல்லவா? புயல் வந்த நாளில் சுக்கான் பிடிப்பவனுக்கு நான்கு புள்ளியே மிச்சம் இருந்தது. அட்டைக்குப் பின்னால் ஆறு விழுந்தது. அவள் "இரண்டு" என்றாள். அவன் பிழைத்தான். அருகிலிருந்த ஒருவன் கண்டுகொண்டான். இரண்டு வாரம் பொறுத்தான். பிறகு ஏதோ சச்சரவில் போட்டு உடைத்துவிட்டான். சுக்கான் பிடிப்பவனை ஏற்றிருந்த தம்பி தன் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து போனான். மூன்று சனிக்கிழமையாக வரவில்லை. காப்பாற்றப்பட்டவனுக்கு இத்தனை கோபமா என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

விளையாட்டுத்தானே என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் சொல்வதற்குத் திருச்சபையின் மறைவல்லுநர் நமக்கு இடம் தரவில்லை. புனித அக்குவினாஸ் தோமையார் தம் இறையியல் தொகுப்பில் விளையாட்டைப் பற்றியும் ஆராய்கிறார். எப்போதும் நாணேற்றியே வைத்த வில் முறிந்துபோகும் என்று நற்செய்தியாளர் யோவான் ஒரு வேடனுக்கு விடை சொன்னதாக வரும் பழங்கதையை அங்கே எடுத்தாள்கிறார். விளையாட்டை உள்ளத்தின் இளைப்பாறுதல் என்கிறார். அதற்கென ஒரு நற்பண்பும் உண்டு, அளவும் முறையும் உண்டு என்கிறார். முறை உண்டெனில் முறைகேடும் உண்டு. ஆகையால் அப்பெண்ணின் கேள்வி கேள்விதான்.

பொய்யைப் பற்றியோ புனித அகுஸ்தீன் இரண்டு தனி நூல்களே எழுதினார். உயிரைக் காப்பதற்கெனினும் பொய் ஆகாது என்பது அவர் துணிபு. ஆனால் அம்முதல் நூலின் வாயிலிலேயே வேடிக்கைப் பேச்சை அவர் விலக்கி வைக்கிறார். சொல்பவர் தொனியிலேயே அது வேடிக்கை என்பது கேட்பவர்க்குத் தெரிந்துவிடுவதால் அதைப் பொய்யென்று கொள்வதில்லை என்கிறார். இதை அப்பெண்ணிடம் சொன்னதும் முகம் மலர்ந்தாள். "அப்படின்னா எங்க மேசையில எல்லாமே வேடிக்கைதானே, ஃபாதர்? கப்பலே பொய்தானே?"

சற்றே யோசித்தோம். கப்பல் பொய்தான், கடல் பொய், சுறா பொய். அவை பொய்யென்று அமர்ந்திருக்கும் அனைவரும் அறிவர். எனவே அவை பொய் அல்ல, கதை. ஆனால் அந்த மேசையில் கற்பனையில் சேராத பொருள் ஒன்றே ஒன்று உண்டு. அது பகடை. ஆறு விழுந்தால் ஆறுதான். கதையை அவரவர் விருப்பத்துக்கு இழுத்துச் செல்லாமல் கட்டி நிறுத்தும் முளை அது ஒன்றுதான். அதை நம்பித்தான் மற்ற அனைத்தையும் கற்பனை செய்ய ஒப்புக்கொண்டு அமர்கிறார்கள். அதைப் பற்றிச் சொன்ன பொய்க்கு வேடிக்கை என்னும் விலக்குக் கிடைக்காது. இதை ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட பிறகும், "ஆனா விதி தப்பு, ஃபாதர். மூணு மாசமா அவன் ஊட்டி வளர்த்த ஆளு ஒரு பகடையில போறது நியாயமா?" என்றாள்.

இந்த வினாவுக்கு ஒரு வரலாறே உண்டு. படையாட்டத்தில் இழப்பைக் கணக்கிடும் முறையை 1824இல் பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் இளம் படை அலுவலர் திருத்தமாக அமைத்தார். வரைபடத்தின்மேல் நகரும் படைப்பிரிவு ஒரே வீச்சில் முற்றும் அழிந்துவிடாமல், பகடையும் அட்டவணையும் காட்டும் அளவுக்குச் சிறிது சிறிதாக இழக்கும். அட்டவணை வளர்ந்து வளர்ந்து ஆட்டமே நகராமல் போனதைக் கண்ட வெர்டி து வெர்னுவா என்னும் தளபதி, 1876இல் எழுதிய நூலில், அட்டவணையைத் தள்ளிவிட்டு அனுபவம் மிக்க நடுவர் ஒருவரின் தீர்ப்புக்கே விட்டுவிடலாம் என்றார். விதியா, நடுவரின் மனமா என்ற வழக்கு அன்றே தொடங்கியாயிற்று. பிறகு 1970களின் தொடக்கத்தில் ஆர்னிசன் தம் நண்பர்களோடு ஆடத் தொடங்கியபோது, ஒரே அடியில் தங்கள் ஆள் மடிவதை அந்நண்பர்கள் பொறுக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால இரும்புக் கப்பல்களின் சண்டையை ஆட அவரிடம் முன்னமே விதிகள் இருந்தன. ஒரு கப்பல் எத்தனை அடி தாங்கும் என்று அவற்றில் கணக்கு உண்டு. அக்கணக்கை மனிதனுக்கு மாற்றினார். உலகெங்கும் இன்று உயிர்ப்புள்ளி என்று வழங்குவதன் பிறப்பு இதுவே. எண் என்றால் ஈரமற்றது என்று எண்ணுகிறோம். இந்த எண் ஈரத்திலிருந்து பிறந்தது. 2014இல் வெளிவந்த அவ்விளையாட்டின் ஐந்தாம் பதிப்பிலோ சுழியத்துக்கு வந்தவன் உடனே சாவதுகூட இல்லை. தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டுகிறான். பத்தும் அதற்கு மேலும் வந்தால் ஒரு நன்மை, குறைந்தால் ஒரு தீமை. மூன்று நன்மை முந்தினால் உயிர் நிலைக்கும், மூன்று தீமை முந்தினால் போகும்.

ஆயினும் அது கப்பலின் கணக்கு என்பது மறையவில்லை. அதை நமக்குக் காட்டியவன் அந்தத் தம்பிதான்.

ஒரு வியாழன் இரவு, பணிமுடிந்து, எண்ணெய் மணம் மாறாத சட்டையோடு நம் இல்லத்துக்கு வந்தான். நம் வட்டாரத்தவர்க்குத் தொழிற்பேட்டையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. 1960களிலிருந்து இவ்வூரின் பாதி வீடுகளில் அடுப்பெரிவது அங்குள்ள பட்டறைகளால். தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் அவனுக்கு வேலை. இரு கைகளும் இரு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினால் ஒழிய அச்சு இறங்கலாகாது என்பது அவ்வியந்திரத்தின் ஏற்பாடு. ஒரு பொத்தானில் ஆப்புச் செருகிவிட்டால் ஒரு கை விடுபடும். தகடு வேகமாக நகரும். நாளைக்கு நூறு உருப்படி கூடும். யார் செருகியது என்று நாம் கேட்கவில்லை. சென்ற ஆண்டு அவனுடைய வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் அங்கே போயின.

"ஒரு புள்ளி மிச்சம் இருந்தாலும் என் ஆளு கயிறு ஏறுறான், ஃபாதர். இருபது இருந்தப்ப ஏறின மாதிரியே ஏறுறான். எனக்குச் சட்டைப் பொத்தான் போட வரல." சொல்லிவிட்டுச் சிரித்தான். நாம் சிரிக்கவில்லை.

விரலுக்கும் புள்ளி உண்டு என்பதை அப்போது நினைத்துக்கொண்டோம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோடு ஓர் அட்டவணை இணைந்திருந்தது. உடலின் உறுப்பு ஒவ்வொன்றும் போனால் ஈட்டும் ஆற்றலில் நூற்றுக்கு எத்தனை போயிற்று என்று அது குறித்தது. பெருவிரல் முழுதும் போனால் 30, சுட்டுவிரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ என்றால் 7. முதன்முறை படிப்பவர்க்கு நெஞ்சு கூசும். மனித உடலை இறைச்சிக் கடை விலைப்பலகைபோல் எழுதியிருக்கிறார்களே என்று நாமும் குருத்துவப் படிப்புக் காலத்தில், தொழிலாளர் உரிமை பற்றிய ஒரு வகுப்பில், கொதித்தெழுந்து பேசியதுண்டு. பிறகு இவ்வூருக்கு வந்து, எத்தனையோ கைகளில் நற்கருணை வைத்தபோது அக்கைகளைக் கண்டு, அந்த அட்டவணையை மதிக்கக் கற்றோம். சுட்டுவிரல் போன துயரம் நூற்றுக்குப் பதினான்கு என்று அது சொல்லவில்லை. முதலாளியின் மனம் எப்படியிருந்தாலும், போனவன் விரும்பத்தக்கவனோ அல்லனோ, இதற்குக் குறைத்துத் தரலாகாது என்று மட்டுமே சொல்கிறது. விரல் இருக்கும்போதே எழுதி வைத்த விதி அது. அதில்தான் அதன் மாண்பு.

அந்தத் தம்பிக்கு அது கிட்டவில்லை. வீட்டுக் கதவிடுக்கில் நசுங்கியதாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். "கேஸ் ஆனா பட்டறைய மூடிருவாங்க, உனக்கும் வேலை போயிரும், உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாராம் மேற்பார்வையாளர். கையில் ஒரு தொகையும் கொடுத்தார். மருத்துவச் செலவைத் தாமே பார்த்துக்கொண்டார். அவர் தீயவர் அல்லர் என்றும் அத்தம்பியே சொன்னான். "அவருக்கு என் மேல நிஜமாவே இரக்கம்தான், ஃபாதர். அக்காவுக்கும் இரக்கம்தான். என் கை இப்படி இருக்கிறதால என் ஆளையும் சாகவிட மனசு வரல. அட்டைக்குப் பின்னால என்ன விழுந்துச்சுன்னு எனக்கு மட்டும் யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க."

சற்று நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னான்: "போன மாசம் சுறாகிட்டருந்து நீந்தித் தப்பிச்சேன். எல்லாரும் கை தட்டுனாங்க. அதுவும் அக்காதானோன்னு இப்ப தோணுது."

இரக்கம் பறித்தது எதை என்று நமக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு முறை மறைத்துக் காப்பாற்றியதால், முன்பு உண்மையாகவே தப்பித்த தப்புதலும் அவனுடையது அல்லாமல் போய்விட்டது.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் மேலே எழுதுவது நேர்மை ஆகாது. நோயாளியிடம் நோயை மறைக்கும் வீடுகளை எந்தப் பங்குத்தந்தையும் அறிவார். "ஃபாதர், அவருக்குத் தெரியாது, நீங்களும் காட்டிக்கொள்ளாதீங்க" என்று வாசலிலேயே காதில் ஓதுவார்கள். நாமும் காட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறோம். ஒருமுறை, வேறொரு பங்கில், முதியவர் ஒருவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, "சாமி, எனக்கு என்னதான் வியாதி?" என்று நேராகவே கேட்டார். டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லித் தப்பித்தோம். பத்து நாளில் அவர் இறந்தார். பேச்சுவார்த்தை இல்லாத தம்பி ஒருவர் அவருக்கு இருந்தது அடக்கத்தின்போதுதான் தெரிந்தது. அவர் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அம்முதியவருக்கு உண்மை தெரிந்திருந்தால் தம்பிக்கு ஆள் அனுப்பியிருப்பாரா, மாட்டாரா என்பது இறைவனுக்கே வெளிச்சம். அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையை நாம் எல்லோரும் சேர்ந்து, அன்பினால், அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அந்தப் பெண்ணைக் குறைகூற நமக்குத் தகுதி குறைவு.

ஆயினும் அவள் வாதத்தை முற்றிலும் தள்ளிவிடலாகாது. விதி தவறாகும் இடம் உண்டு. தோமையாரே இதற்குச் சான்று. ஒருவர் அடைக்கலமாகக் கொடுத்த பொருளைக் கேட்கும்போது திருப்பித் தரவேண்டும் என்பது நேரிய சட்டம். ஆனால் கொடுத்த பொருள் வாளாகவும், கேட்டு வந்தவர் சித்தம் கலங்கியவராகவும் இருந்தால் கொடுப்பது தீமை என்கிறார். சட்டத்தின் எழுத்தை விட்டு அதன் நோக்கத்தைப் பின்பற்றுவதும் ஒரு நற்பண்பு. கிரேக்கச் சொல்லால் அதை எப்பிக்கேயா என்பர். செவிலியர் பயிற்சி பெறும் பெண்ணுக்கு இது உடனே பிடிபட்டது. "அதைத்தானே நானும் செஞ்சேன்?" என்றாள். இல்லை என்றோம். வாளைத் தர மறுப்பவர், 'நீ என்னிடம் வாளே தரவில்லை' என்று சொல்வதில்லை. வாள் இருக்கிறது, இப்போது தரமாட்டேன் என்கிறார். ஆறு விழுந்தது, ஆறு விழுந்தும் இவன் சாகவேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது, நம் விதியே தவறு என நினைக்கிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அட்டையை எடுத்துவிட்டுக் கேட்டிருந்தால் அது அந்த நற்பண்பு. மற்றவர் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். அந்த இடரை ஏற்காத இரக்கம், இரக்கம் காட்டுபவரையே அரசராக்கிவிடுகிறது.

அடுத்த சனிக்கிழமை எல்லோரையும் அழைத்து அமர்த்தினோம். தம்பியும் வந்தான், கதவருகே உட்கார்ந்தான். விதியைத் திருத்துவது என்று முடிவாயிற்று. எப்படி என்பதில்தான் வழக்கு. அயல்நாட்டு விளையாட்டுகளில் எப்படி இருக்கிறது என்று ஒருவன் கைப்பேசியைத் தட்டத் தொடங்கினான். நம் வீட்டுத் திண்ணைகளில் சாவுக்கு விதி இல்லாமலா இருந்தது என்று நாம் கேட்டோம்.

தாயக்கட்டத்தை எடுத்துக்கொள்வோம். தாயம் விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் பிறக்கிறது. எதிரி வெட்டினால் வெளியே போகிறது. மீண்டும் தாயம் விழுந்தால்தான் மறுபிறப்பு. அதுவரை நடந்த நடை அத்தனையும் வீண். குறுக்குக்கோடு போட்ட மலையில் நின்றால் வெட்டில்லை. இவை போகட்டும். பல வீடுகளில் இன்னொரு விதியும் உண்டு: எதிரியின் காய் ஒன்றையேனும் வெட்டியவர்க்குத்தான் உள்கட்டத்தில் நுழைவு, வெட்டாதவர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நம் பாட்டியார் வீட்டில் இவ்விதி இருந்தது. செபமாலையைக் கீழே வைக்காத அந்த அம்மையார், பழம் ஏற வேண்டுமானால் முதலில் ஒருவனை வெட்டு என்று நமக்குக் கற்பித்ததை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஒருவரையும் வெட்டாமல் மலையிலிருந்து மலைக்குத் தாவியே கரையேற முயல்பவரை இவ்விதி களத்துக்கு இழுத்து வருகிறது, ஆட்டத்துக்குச் சுவை. சுவைக்காக ஒரு விதி எதைக் கட்டாயமாக்குகிறது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

சடுகுடுவில் இதைவிட ஆழம் இருக்கிறது. நம் சிற்றூர்ச் சிறுவர் 'அவுட்' என்னும் சொல்லைக் கற்பதற்கு முன் செத்தான், பிழைத்தான் என்றே ஆடினர். இந்திய நாடு முழுவதும் ஆடப்பட்ட வகைகளை மூன்றாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். ஒன்று அமர்: தொடப்பட்டவர் வெளியேறுவதே இல்லை, எதிரணிக்குப் புள்ளி மட்டும் ஏறும். சாவே கிடையாது. மற்றொன்று காமினி: தொடப்பட்டவர் வெளியேறினால் வெளியேறியதுதான், ஓர் அணி முழுதும் மடியும்வரை எவர்க்கும் மீட்சி இல்லை. மூன்றாவது சஞ்சீவனி: எதிரணியில் ஒருவர் வீழ்ந்தால், நம் அணியில் வீழ்ந்தவர் ஒருவர் எழுந்து உள்ளே வருவார். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இடம்பெற்றதும், இன்று தொலைக்காட்சியில் நாம் காண்பதும் இம்மூன்றாவதன் வழிவந்தவை. ஒரே மண்ணின் ஒரே ஆட்டத்துக்கு, சாவு என்ன என்பதில் மூன்று விடைகள்! மூன்றிலும் மறைவு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே அமர்ந்திருப்பவர், தாம் எழ எத்தனை பேர் விழவேண்டும் என்பதை அறிந்தே அமர்ந்திருக்கிறார். தம் முயற்சியால் எழ அவருக்கு வழியில்லை. உள்ளே மூச்சடக்கிப் பாடிச் செல்லும் தோழனால்தான் எழவேண்டும்.

இளையோர்க்கு இது பிடித்துவிட்டது. ஆனால் அவர்கள் கப்பலில் எதிரணி இல்லை, புயல்தான் உண்டு. யாரை வீழ்த்தி யாரை எழுப்புவது? அப்போது கதவருகே இருந்த தம்பிதான் வாய் திறந்தான். "விழுந்தவன எழுப்பணும்னா நிக்கிறவங்க தங்களுதுலேருந்து குடுக்கட்டும். எல்லார் முன்னாலயும் குடுக்கட்டும்."

இப்படியாகப் புதிய விதி உருவாயிற்று. சுழியத்துக்கு வந்தவர் வீழ்வார், உடனே சாகமாட்டார். மேசையைச் சுற்றி ஒரு முறை வருவதற்குள் தோழர் எவரேனும் தம் புள்ளியிலிருந்து கொடுக்கலாம், இரண்டு கொடுத்தால் வீழ்ந்தவருக்கு ஒன்று சேரும், கொடுத்தது திரும்பாது. எழுந்தவருக்கு ஒரு காயம் நிலைக்கும். அது என்ன காயம் என்பதைக் கதைசொல்லி அன்று, அவரே சொல்லி, தம் தாளில் எழுதவேண்டும்; அது தடுக்கும் செயலைப் பயணம் முடியும்வரை அவர் செய்யலாகாது, அதற்கு வேறு வழி கண்டுபிடிக்கலாம். எவரும் கொடாவிட்டால், அல்லது கொடுக்க எவரிடமும் இல்லாவிட்டால், அவர் இறந்தார். இறந்தவர் மேசையை விட்டு எழவேண்டாம். நாட்காட்டி அட்டையை எடுத்துவிட வேண்டும். இனிக் கதைசொல்லியின் பகடையை இறந்தவரே, எல்லோரும் காண, உருட்டுவார். இந்தக் கடைசி விதியை எழுதியவள் அந்தப் பெண்தான்.

சிக்கல் தீர்ந்துவிட்டதாக எண்ணவேண்டாம். கொடுப்பது கட்டாயமா என்று கேட்டான் ஒருவன். கட்டாயமானால் அது கொடை அல்ல, வரி என்றோம். கட்டாயமில்லை என்றானதும் அடுத்த கேள்வி எழுந்தது: கொடாதவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஒருத்திக்கு மூன்று புள்ளி இருக்கும், இரண்டைக் கொடுத்தால் அடுத்த அலையில் அவளே போவாள், கொடாமல் உட்கார்ந்திருப்பாள், எதிரே வீழ்ந்தவன் பார்த்துக்கொண்டிருப்பான். மறைவாகக் கொடுக்கலாம் என்று வைத்தால் இந்த வெட்கம் நீங்கும். ஆனால் அட்டை திரும்ப வந்துவிடும். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்னும் ஆண்டவர் போதனையை ஒருத்தி நினைவூட்டினாள். நல்ல கேள்வி. கொடுத்தவர் பெயரை மறைப்பதும், விழுந்த எண்ணை மறைப்பதும் ஒன்றல்ல என்று நாம் விடை சொன்னோம். சொல்லும்போதே அது முழு விடை அல்ல என்பது நமக்குத் தெரிந்தது. கொடுத்தவர் பெயர் மறைந்தால், கொடாதவர் எவர் என்ற ஐயம் எல்லோர் மேலும் படியும். இரண்டு வாரம் பேசியும் முடிவு காணாமல், இப்போதைக்கு வெளிப்படையாகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

பட்டறை விவகாரத்தையும் சொல்லிவிடுகிறோம். கதவிடுக்கு என்று எழுதிய தாளின் நகல் அந்தத் தம்பியிடம் இருந்தது. அவன் விருப்பத்தோடு, தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம், மனு எழுதியாயிற்று. வேலை போகலாம் என்பதையும் அவனிடம் மறைக்கவில்லை. ஓர் இரவு முழுதும் யோசித்துவிட்டு வந்து கையெழுத்திட்டான், இடக்கையால். முடிவு இன்னும் வரவில்லை.

சென்ற சனிக்கிழமை நம்மையும் ஆட அழைத்தார்கள். கப்பல் சமையற்காரர் வேடம் கொடுத்தார்கள். நம் உடல்வாகைப் பார்த்துத் தந்ததாகவே தோன்றுகிறது. கதைசொல்லியின் பகடையை உருட்டிக்கொண்டிருந்தவன், அதற்கு முந்தைய வாரம் சுறாவுக்கு இரையான ஒரு பையன். சுக்கான் பிடிப்பவன் தோள்மூட்டு விலகிய காயத்தோடு, கயிறு ஏறாமல், ஏறுகிறவர்களுக்குக் கீழிருந்து கட்டளையிட்டுக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரத்தில் அடுப்பு கவிழ்ந்து, தீயை அணைக்கப் போய், நாம் சுழியத்துக்கு வந்தோம். மேசையைச் சுற்றிப் பார்த்தோம். ஒருத்தியிடம் இரண்டே புள்ளி. "சாரி, ஃபாதர்" என்றாள். தம்பியிடம் ஐந்து இருந்தது. நெடுநேரம் தன் தாளையே பார்த்தான். "கப்பல் கரை சேரணும், ஃபாதர்" என்றான். மற்றவரும் கொடுக்கவில்லை. இறந்தோம்.

பகடை நம் கைக்கு வந்தது. அந்தப் பையனுக்கு அதில் சற்று வருத்தம்தான். மூன்று முறை காற்றுக்கு உருட்டினோம். மூன்றும் சிறிய எண்களே விழுந்தன. நாம் வேண்டுமென்றே மெதுவாக உருட்டுவதாக ஒருவன் முறையிட்டான். அதற்குள் மாலைத் திருப்பலிக்கு முதல் மணி அடித்துவிட்டது. இறந்தவர் பாதியில் எழுந்து போனால் பகடை யாரிடம் சேரும் என்று விதியில் எழுதியிருக்கவில்லை. அதைப் பற்றி அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே நாம் படியிறங்கினோம்.